இட்டார்சி நாற்பது

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பக்கத்தில் சொல்லுவார்கள். வடமொழிப் பண்டிதர்கள் அதையே காகதாலீய நியாயம் என்று பெரிய பெயரிட்டு அழைப்பார்கள். காக்கையின் கனத்தினால் பழம் விழவில்லை. பழம் விழும் வேளை பார்த்துக் காக்கை வரவுமில்லை. இரண்டும் ஒரே கணத்தில் நேர்ந்தன, அவ்வளவுதான் என்பது அதன் தாத்பரியம். மேல்நாட்டு மனோதத்துவ அறிஞரான யுங் என்பவருக்கு இந்த விளக்கம் போதவில்லை. அவரிடம் வந்த ஒரு பெண்மணி, பொன்வண்டு வடிவான நகை ஒன்றை யாரோ தமக்குக் கொடுத்ததாகக் கனவு கண்டதைச் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், ஜன்னல் கண்ணாடியில் ஒரு வண்டு வந்து மோதியதாம். காரண காரியத் தொடர்பு இல்லாமலே பொருள் மட்டும் பொருந்துகிற இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி அவர் 1952-இல் ஒரு நீண்ட ஆராய்ச்சியை வெளியிட்டார். கணிதம் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். 23 பேர் ஓர் அறையில் கூடினாலே, அவர்களில் யாரேனும் இருவருக்குப் பிறந்த நாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்புப் பாதிக்கு மேல் என்று காகிதத்தில் போட்டுக் காட்டுகிறார்கள்.

டில்லித் தமிழர்களைப் பொறுத்த மட்டில் நாம் கணிதக்காரர்களின் கட்சி. பெரும்பாலோர் ஏறி வந்த ரயில் ஒன்று; குடியேறிய பேட்டைகள் சில; பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளிகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. கல்யாண வீட்டில் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் நம் ஒன்றுவிட்ட மாமாவின் பால்ய சிநேகிதராக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆகவே இங்கே எழுதப்போகும் விஷயத்தை அற்புதம் என்று நாம் சொல்ல மாட்டோம். 41 ஆண்டுகள் நாம் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒரு கடன் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. கடன் கொடுத்தவர்களின் வீட்டு அனுமதியோடு எழுதுகிறோம்.

1972-ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. சரோஜினி நகரில் ஒரு பாதி வீட்டில் குடியிருந்தோம். மத்தியான வெயிலில் தந்திச் சேவகன் சைக்கிளை நிறுத்தினான். ‘ஃபாதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ இந்த நாலைந்து வார்த்தைகளுக்கு அக்காலத்துக் காரியாலயங்களில் இருந்த மரியாதை நேயர்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். லீவு கிடைக்காத குமாஸ்தாவும், ஊர்த் திருவிழாவுக்குப் போக ஆசைப்பட்ட சிப்பாயும், மாப்பிள்ளை பார்க்கப் பிள்ளையை வரவழைக்க நினைத்த தாயாரும் கையாண்டு கையாண்டு, அந்த வார்த்தைகளை எவரும் நம்பாத நிலைமைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். நம் மேலதிகாரியும் தந்தியை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். நமக்கு வந்தது உண்மைத் தந்தி.

சிநேகிதர்களிடம் கடன் வாங்கியும், உண்டியலை உடைத்தும் சேர்த்த பணத்தில் சென்னை வரையில் டிக்கெட் எடுத்தது போக 115 ரூபாய் மிஞ்சிற்று. சென்னையிலிருந்து மாயவரத்துக்கும், அங்கிருந்து கிழக்கே நம் சிற்றூருக்கும் போய்ச் சேரவும், வைத்தியச் செலவுக்கும் அதுதான் ஆதாரம். பத்து மாதக் கைக்குழந்தையோடு ஜி.டி. எக்ஸ்பிரஸின் மூன்றாம் வகுப்பில் ஏறினோம். 1929-இல் பெஷாவருக்கும் மங்களூருக்குமாக ஓடத் தொடங்கி, பிறகு டில்லிக்கும் சென்னைக்கும் என்று சுருங்கிய அதே வண்டி. மூன்றாம் வகுப்பு 1974-இல் பெயர் மாறி இரண்டாம் வகுப்பாயிற்று. பலகை மட்டும் மாறவில்லை.

மறுநாள் இட்டார்சியில் குழந்தைக்குப் பால் வாங்க இறங்கினோம். ஒரு கையில் கூஜா, ஒரு கையில் பால் டம்ளர். சில்லறை கொடுத்துவிட்டு மணிபர்ஸை எங்கே செருகினோம் என்பது இன்றுவரை தெரியாது. வண்டி நகர்ந்து பத்து நிமிஷம் கழித்துத் தடவிப் பார்த்தால் பர்ஸ் இல்லை. கூட்டத்தில் யாரேனும் எடுத்திருக்கலாம். நாமே பால் வண்டியின் மேல் வைத்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டாவதுதான் நம் சுபாவத்துக்குப் பொருத்தம் என்று சகதர்மிணி அப்பொழுதே அபிப்பிராயப்பட்டாள். சட்டைப் பையில் இரண்டு ரூபாயும் சில காசுகளும் மிச்சம். சென்னையில் போய் நின்று கேட்க ஒரு மனிதரைத் தெரியாது.

எதிர்ப் பலகையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். டில்லியில் தங்கையின் பிரசவத்துக்கு வந்திருந்துவிட்டு, நாகபுரிக்குத் திரும்புகிறார். கணவருக்கு அங்கே ஒரு சர்க்கார் காரியாலயத்தில் உத்தியோகம். தமிழ்நாடு விட்டுப் பல ஆண்டுகளாயின. இவ்வளவும் காலையிலேயே பேச்சில் தெரிந்திருந்தன. பெயரை நாம் கேட்கவில்லை. அக்காலத்தில் ஒரு வீட்டுப் பெண்ணின் பெயரை அந்நிய ஆடவன் கேட்பது வழக்கமன்று. சகதர்மிணி அவரை அக்கா என்று அழைத்தாள். நாமும் அப்படியே அழைத்தோம். அந்தச் சிறுமியின் இரட்டைப் பின்னலில் கட்டியிருந்த ரிப்பனை நம் குழந்தை எட்டிப் பிடித்து இழுத்ததும், அவள் ஓவென்று அழுததும், பிறகு அவளே ரிப்பனை அவிழ்த்துக் குழந்தை கையில் கொடுத்ததும் நன்றாக நினைவிருக்கின்றன.

இட்டார்சிக்கும் நாகபுரிக்கும் இடையே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சாத்புரா மலையின் மேலேறி இறங்குகிறது பாதை, சுரங்கங்கள் வரும், கோடையில் இலையுதிர்ந்து நிற்கும் தேக்கு மரங்கள் இரு புறமும் வரும். அவ்வளவு தூரமும் அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாம் பெஞ்சுகளின் அடியில் தேடுவதையும், சகதர்மிணி முகத்தைச் சுவரோரம் திருப்பிக்கொண்டதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன விஷயம் என்று ஒரு முறை கேட்டார், சொன்னோம். தந்தியைக் கொடுங்கள் என்றார், கொடுத்தோம். படித்து, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் மௌனம். அவர் அப்பொழுது மனத்துக்குள் எவ்வளவு பெரிய வழக்கை விசாரித்துக்கொண்டிருந்தார் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

நாகபுரி நெருங்கியபோது மஞ்சள் பையின் அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். நான்கு பத்து ரூபாய் நோட்டுகள்.

“தம்பி, இதை வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஊருக்குப் போக வேண்டாமா?”

நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல தடவை ஒத்திகை பார்த்திருக்கிறோம். அன்றைக்கு வாய் திறந்து கேட்டது விலாசம் ஒன்றுதான். காப்பியிங் பென்சில் என்று ஒன்று காரியாலயங்களில் இருந்தது. எழுதினால் சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா. கணவரின் பென்சில் போலும். அதன் நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசம் எழுதினார். உதட்டில் ஊதா ஒட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிறுமி சிரித்தாள்.

“பணத்துக்கு அவசரமில்லை, தம்பி. சௌகரியப்பட்டபோது அனுப்புங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு கார்டு மட்டும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எனக்கு அதே நினைவாக இருக்கும்.”

நாகபுரியில் இறங்கிக் கூட்டத்தில் மறைந்துவிட்டார்கள்.

அந்த 40 ரூபாயினால் எழும்பூரில் டிக்கெட் வாங்கினோம். மாயவரத்தில் வண்டி பேசினோம். அந்தி சாய்வதற்குள் வீட்டு வாசலில் இறங்கினோம். அப்பாவுக்கு நினைவு தப்பவில்லை. பேரனை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை. குழந்தையை மார்பருகே கிடத்தினோம். தடவிப் பார்த்துவிட்டு, “பால் குடித்தானா?” என்று கேட்டார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். அன்றிரவு 11 மணிக்குக் காலமானார். வண்டி தவறியிருந்தால், ஒரு பகல் தாமதித்திருந்தால் என்றெல்லாம் கணக்குப் போடுவது வீண். ஆனால் அந்தக் கணக்கை நாம் போடாத ஆண்டு இல்லை.

நாம் அணிந்து வந்த சட்டை இழவு வீட்டுத் துணிகளோடு சலவைக்குப் போய்விட்டது. காரியங்கள் முடிந்த பிறகு வெளுத்து மடித்து வந்தபோது, பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறை. காகிதம் இருந்த சுவடே இல்லை. கதவு இலக்கமும் தெருவும் கணவரின் பெயரும் அந்த ஊதாவுக்குள் போய்விட்டன. நினைவில் நின்றவை இரண்டே வார்த்தைகள்: தரம்பேட், நாகபுரி.

டில்லிக்குத் திரும்பும் வழியில் நாகபுரியில் வண்டி நின்றபோது, கதவருகே நின்று பிளாட்பாரத்தில் போகிற வருகிற பெண்களின் முகங்களைப் பார்த்தோம். வண்டி வரும் என்று தெரிந்து அவர் காத்திருப்பார் போல! டில்லி சேர்ந்ததும், ‘சர்க்கார் உத்தியோகத்திலுள்ள தமிழ்க் குடும்பத்தார், தரம்பேட், நாகபுரி’ என்று விலாசமிட்டு ஒரு கார்டு எழுதினோம். பல முத்திரைகளோடு அது நம்மிடமே திரும்பி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15-இல்தான் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நாட்டில் அமுலுக்கு வந்தது. வந்திருந்தாலும் நம் கார்டு போய்ச் சேர்ந்திராது. பேட்டையின் எண் கிடைத்திருக்கும். வீட்டுக்கு எங்கே போவது?

இதற்கு மேல் நாம் செய்த முயற்சி என்ன என்று கேட்டால் தலை குனிய வேண்டியதுதான். நாகபுரியில் தமிழர் கூடுகிற கோவில் இல்லையா, கடை இல்லையா, சங்கம் இல்லையா? அங்கே போய் விசாரிக்கலாம் என்ற எண்ணம் 1980-இல்தான் உதித்தது. அதற்குள் எட்டு ஆண்டு தாமதத்துக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இன்னும் ஓராண்டு போனபோது ஒன்பது ஆண்டுக்குச் சமாதானம். கடனைவிட வெட்கம் வேகமாக வளர்ந்தது. 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்த பிறகும் அதே பாதைதான். ஒவ்வொரு முறையும் நாகபுரியில் ஜன்னல் வழியே பார்ப்போம். அது கும்பிடு போடுவது போல ஒரு வழக்கமாக மிஞ்சிற்று. ஊதாக் கறைச் சட்டையும் சில ஆண்டுகளுக்குப் பின் எவர்சில்வர் பாத்திரக்காரனிடம் போய்விட்டது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மயூர் விஹாரில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் வீடு வாங்கினோம். 2007-இல் நம் தலைக்கு மேல் வீட்டுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு பையன். அந்தப் பெண் வந்த மறுநாளே டிகாஷனுக்குக் காப்பிப்பொடி கேட்டு வந்து, நம்மைப் பெரியப்பா என்றும் சகதர்மிணியைப் பெரியம்மா என்றும் உறவு கொண்டாடத் தொடங்கினாள். சொந்தப் பெண் இல்லாத குறையை அவள் தீர்த்தாள் என்றே சொல்ல வேண்டும். சகதர்மிணிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது ஒரு மாதம் இரவுச் சாப்பாடு மாடியிலிருந்துதான் வந்தது.

பிறந்த ஊர் நாகபுரி என்று அவள் சொன்னபோது நம் மனத்தில் ஏதோ சுரீரென்றது உண்மை. எந்தப் பேட்டை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறந்துவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டோம், கேட்கத் துணிவில்லை. 2010 குளிர்காலத்தில் அவளுடைய தாயார் வந்து மூன்று வாரம் தங்கினார். தோட்டத்தில் வெயில் விழுகிற பெஞ்சு ஒன்றுதான் உண்டு. காலை பத்து மணிக்குச் சகதர்மிணியும் அந்த அம்மாளும் அதில் அருகருகே உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்கள். முடி நரைத்து, காது சற்று மந்தமாகி, கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார். நாம் நான்கைந்து முறை வணக்கம் சொல்லியிருக்கிறோம். அவர் நம்மை அறியவில்லை. நாம் அவரை அறியவில்லை.

2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. 1850-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் கம்பி இழுத்துத் தொடங்கிய தந்தி, நம் நாட்டில் அன்றோடு முடிகிறது. மாடி வீட்டுப் பையனுக்குத் தன் நாகபுரிப் பாட்டிக்கு ஒரு தந்தி அனுப்ப ஆசை. நமக்கும் பெங்களூரிலுள்ள மகனுக்கு ஒன்று அனுப்ப வேண்டும் என்று சபலம். எல்லோருமாக ஜன்பத்திலுள்ள தந்தி அலுவலகத்துக்குப் போனோம். ஆயுளில் தந்தியையே பார்த்திராத காலேஜ் பிள்ளைகளும், தந்தி என்றால் இன்னும் வயிறு கலங்குகிற நம் போன்ற கிழவர்களுமாக வரிசை நீண்டிருந்தது. பொழுது போக வேண்டுமே! பழைய தந்திகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ‘ஃபாதர் சீரியஸ்’ என்று நாம் ஆரம்பித்தோமோ இல்லையோ, அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

“எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கை, பெரியப்பா. எனக்கு ஐந்து வயது. அம்மாவும் நானும் டில்லியிலிருந்து நாகபுரிக்குப் போகிறோம். ரயிலில் ஒருவன் மனைவியும் கைக்குழந்தையுமாக வந்து, இட்டார்சியில் பர்ஸ் போய்விட்டது என்று தந்தியைக் காட்டி அழுதானாம். அம்மா 40 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் யாராவது கைமாற்று வாங்கித் திருப்பித் தராவிட்டால் எங்கள் பாட்டி, ‘இட்டார்சி நாற்பது’ என்பாள். எங்கள் வீட்டில் அது பழமொழியே ஆகிவிட்டது. இப்போதுகூட இவர் தம்பிக்குப் பணம் கொடுத்தால் நான் அதைத்தான் சொல்வேன். எனக்கு வேறொன்றும் நினைவில்லை. அந்தக் குழந்தை என் ரிப்பனைப் பிடித்து இழுத்தது மட்டும் நினைவிருக்கிறது.”

சகதர்மிணியின் விரல்கள் நம் கையைக் கவ்வின. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முன்னால் நின்ற பையன் ஃபாரத்தை நம் முதுகில் வைத்து எழுதலாமா என்று கேட்டான், குனிந்து நின்றோம். எழுதி முடித்ததும் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி நீட்டினான். கதவு இலக்கம், தெரு, தரம்பேட், நாகபுரி, கீழே ஆறு இலக்க எண். நாம் 41 ஆண்டுகள் தேடியதாகச் சொல்லிக்கொண்ட விலாசம்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். கையில் ஃபாரம் இருந்தது. தந்தி இன்னும் உயிரோடிருந்தது. அந்த அம்மாளுக்கு அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். சந்தர்ப்பம் அவ்வளவு பொருத்தமாக வாய்க்கும்போது, அதற்கு ஏற்ற மனிதனாக நாம் இருக்க வேண்டுமே! ‘யாவரும் நலம், ஆசிகள்’ என்று மகனுக்கு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். ரிப்பனை இழுத்தவன் அவன்தான்.

மூன்று இரவுகள் தூக்கமில்லை. சொல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று நாம் வாதித்தோம். சகதர்மிணி வாதிக்கவில்லை. புதன்கிழமை மாலை, பறித்த முழங்கால் வலியோடு மாடிப் படி ஏறத் தொடங்கிவிட்டாள். லிஃப்ட் வரும் வரை காத்திருக்கவில்லை. பின்னாலேயே நாமும் போனோம்.

சொன்னதும் அந்தப் பெண் பரிகாசம் என்று நினைத்தாள். பிறகு நம் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா உங்களிடம் என்ன கேட்டாள்?” என்றாள்.

“அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு கார்டு” என்றோம்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதை அவளுடைய தாயார் அவளிடம் மட்டுமே சொல்லியிருந்தாராம். அவள் மகிழ்ச்சியடைவாள் என்று நாம் எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தோம் போலும். கதைகளில் அப்படித்தானே நடக்கிறது? அவளுக்கு வந்தது கோபம். அந்த 40 ரூபாய் டில்லி மாமா சேலை வாங்கக் கொடுத்த பணம் அல்லவாம். மாமியார் எண்ணிக் கொடுத்தனுப்பிய வீட்டுப் பணமாம். ஊர் போய்ச் சேர்ந்த அன்று தொடங்கிய விசாரணை, கார்டு வரும் கார்டு வரும் என்று ஒரு மாதம் ஒத்திப் போடப்பட்டதாம். கார்டு வரவில்லை. அலமாரிச் சாவி மாமியார் இடுப்புக்குப் போயிற்று. ‘ரயிலில் போகிறவனுக்கு அள்ளிக் கொடுக்கிறவள் கையில் காசு நிற்காது’ என்பது தீர்ப்பு. 1990-இல் அந்தக் கிழவி கண் மூடும் வரையில், பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டுமானாலும் அந்த அம்மாள் கேட்டுத்தான் வாங்கினாராம். கணவர் நல்லவர், தாய்க்கு எதிரே பேசாதவர்.

“ஆனாலும் அம்மா உங்களைத் திட்டியதே இல்லை. ‘அவன் அப்பா போயிருப்பார், அந்த துக்கத்தில் மறந்திருப்பான், ஒருவேளை போய்ச் சேரும் முன்னேயே போய்விட்டாரோ என்னவோ’ என்றுதான் சொல்லுவாள். இருபது வருஷம் சொல்லியிருக்கிறாள். ஒரு கார்டுக்கு என்ன விலை, பெரியப்பா?”

சலவையைச் சொன்னோம், ஊதாக் கறையைச் சொன்னோம், திரும்பி வந்த கார்டைச் சொன்னோம். அவள் மறுக்கவில்லை. தாயாரின் உதட்டில் ஊதா ஒட்டியது தனக்கும் நினைவிருக்கிறது என்று மெல்லச் சொன்னாள். ஆனால், 2007-இல் நாகபுரி என்று தெரிந்த பிறகும் ஏன் கேட்கவில்லை என்றாள். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. காப்பி கொடுக்காமல் அவள் நம்மை அனுப்பியது அதுவே முதல் தடவை.

அன்றிரவே கார்டு எழுத உட்கார்ந்தோம். கடிதமாக எழுதலாமே என்று நாம் சொன்னதற்கு, அவர் கேட்டது கார்டு என்று சகதர்மிணி கண்டிப்பாகக் கூறிவிட்டாள். ஆறு வரிக்கு இரண்டு மணி நேரமாயிற்று. ‘அக்காவுக்கு, நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தோம். அப்பா உயிரோடு இருந்தார்கள். பேரனைப் பார்த்தார்கள். பால் குடித்தானா என்று இரண்டு முறை கேட்டார்கள். அன்றிரவு காலமானார்கள். உங்கள் பணத்தினால் போய்ச் சேர்ந்தோம்.’ தாமதத்துக்குச் சமாதானம் எழுதவில்லை, கார்டில் இடமில்லை.

பணத்தைப் பற்றி ஒரு தர்க்கம் நடந்தது. நாம் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டு வட்டி போட்டால் 41 ஆண்டில் 40 ரூபாய் ஏறக்குறைய 940 ரூபாய் ஆகிறது என்று கண்டுபிடித்தோம். ஆயிரமாக அனுப்பிவிடலாம் என்பது நம் யோசனை.

“வட்டி கொடுத்தால் லேவாதேவிக்காரியிடம் வாங்கியதாக ஆகிவிடும். நாற்பது வாங்கினோம், நாற்பது அனுப்புங்கள்” என்றாள் சகதர்மிணி.

அப்பொழுது மணியார்டர் இருந்தது. 40 ரூபாய் அனுப்பினோம். கவுண்டரில் இருந்த இளைஞர், தொகையில் ஒரு சைபர் விட்டுப் போயிருக்கிறதா என்று கேட்டார்.

ஒரு மாதம் மாடி வீட்டிலிருந்து எவரும் வரவில்லை. படியில் பார்த்தால் தலையசைப்பு மட்டும். பையன் மாத்திரம் எப்போதும் போலச் சதுரங்கம் ஆட வந்தான். மணியார்டரின் ரசீதுத் துண்டு கையெழுத்தோடு வந்தது. 41 ஆண்டுக்குப் பின் அந்த அம்மாளின் பெயரை நாம் தெரிந்துகொண்டது அதிலிருந்துதான். கார்டுக்குப் பதில் வரவில்லை. அவர் பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை?

ஆகஸ்டுக் கடைசியில் ஒரு ஞாயிறு காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்தப் பெண், ஒரு கையில் தாயாரின் கார்டு, ஒரு கையில் காப்பிப்பொடி டப்பா. மகள் விலாசத்துக்கே எழுதியிருந்தார்.

“அம்மா உங்களுக்கு அக்கா என்றால், நான் இத்தனை நாள் முறை தவறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்” என்றாள். பிறகு கார்டை நீட்டி, “படியுங்கள், மாமா” என்றாள்.

எழுத்து நடுங்கியிருந்தது. தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் ஆசீர்வாதம், கார்டு கிடைத்தது, அப்பா பேசினார் என்று படித்து நிம்மதி. அந்தக் குழந்தைக்கு இப்போது எத்தனை பிள்ளைகள்? பெஞ்சில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபோது தெரியாமல் போயிற்றே! பணமும் வந்தது; இரண்டு இருபது ரூபாய் நோட்டுகளாகத் தபால்காரர் கொடுத்தார். அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார்:

‘இரண்டு நோட்டையும் என் மாமியார் படத்தின் முன்னே வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.’